தோன்றா எழுவாய்: கணினியின் வெப்பநிலை அளவீடுகளைப் படித்தறியும் முறை

ஒரே கணினி, ஒரே நேரம், இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள். ஒன்று 58 பாகை என்று காட்டுகிறது. மற்றொன்று 78 பாகை என்று காட்டுகிறது. எது மெய், எது பொய் என்று கேட்பது மனித இயல்பு. ஆனால் பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே பொய் சொல்வதில்லை. இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசுகின்றன. அல்லது ஒரே பொருளை வெவ்வேறு எல்லையிலிருந்து அளந்து சொல்கின்றன. அவ்வேறுபாட்டை மட்டும் திரை நமக்குச் சொல்வதில்லை.

தமிழ் இலக்கணத்தில் தோன்றா எழுவாய் என்றொரு கருத்து உண்டு. ‘வந்தான்’ என்றால் வந்தவன் யார் என்பது வாக்கியத்தில் தோன்றாவிட்டாலும், கேட்பவர் இடமறிந்து உணர்ந்துகொள்வார். கணினித் திரையில் தெரியும் ‘62’ என்னும் எண்ணும் எழுவாய் தோன்றாத ஒரு வாக்கியமே. எது 62? எந்த இடத்தில் 62? எதிலிருந்து எண்ணி 62? இவற்றை உணர்ந்தவருக்கு அந்த எண் பொருள் தரும்; உணராதவருக்கு வீண் அச்சத்தையோ வீண் நம்பிக்கையையோ தரும்.

இதில் இழப்புக்கு இடமில்லை என்று எண்ணலாகாது. நலமாக இயங்கும் கணினியைப் பழுதென்று கருதிப் பணம் செலவிடுவோர் உளர். மறுபுறம், முதியோரின் பேச்சுப் பதிவுகளையும், குடும்ப ஆவணங்களையும், அச்சேறாத எழுத்துப்படிகளையும் ஒரே வன்தட்டில் சேர்த்து வைத்துவிட்டு, அந்தத் தட்டு நாள்தோறும் தன் வரம்பைத் தாண்டிச் சூடேறுவதைக் கவனியாதோரும் உளர். முன்னதில் போவது பணம். பின்னதில் போவது மீட்க முடியாதது. ஆகவே அந்த எண்களைப் படிக்கும் முறையை, நமக்குப் பழக்கமான இலக்கணக் கருத்துகளின் துணையோடு விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

1. வெப்பமும் வெப்பநிலையும்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பேச்சில் நாம் ‘சூடு’ என்னும் ஒரு சொல்லாலேயே இரண்டு கருத்துகளைக் குறிக்கிறோம். அறிவியல் தமிழ் அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. வெப்பம் என்பது ஓர் ஆற்றல். ஒரு பொருளிலிருந்து மற்றொரு பொருளுக்குப் பாய்வது. வெப்பநிலை என்பது ஒரு பொருள் இருக்கும் நிலையின் அளவு. ஒரு குவளைத் தேநீரும் ஓர் அண்டாத் தேநீரும் ஒரே வெப்பநிலையில் இருக்கலாம். ஆனால் அண்டாவில் அடங்கிய வெப்பம் பன்மடங்கு மிகுதி.

கணினியின் மையச் செயலகம் 65 வாட் மின்னாற்றலை உட்கொண்டால், அதில் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படும். 60 வாட் மின்குமிழும் அதே அளவு ஆற்றலைத்தான் உட்கொண்டது. வேறுபாடு பரப்பில் உள்ளது. குமிழின் வெப்பம் அகன்ற கண்ணாடிப் பரப்பில் பரவியது. செயலகத்தின் வெப்பமோ ஓரிரு சதுர சென்டிமீட்டர் அளவுள்ள சிலிக்கான் சில்லுக்குள் பிறக்கிறது. அதனை ஓர் உலோகப் பரப்பு வாங்கி, துடுப்புகள் வழியே பரப்பி, விசிறி காற்றில் கலக்க வேண்டும். பிறக்கும் வெப்பமும் வெளியேறும் வெப்பமும் சமமாகும் இடத்தில் வெப்பநிலை நிலைகொள்ளும். வேலை மிகுந்தால் அது ஏறும். தூசு அடைத்தாலும், வெப்பத்தைக் கடத்தும் பசை காய்ந்துபோனாலும், அறைக்காற்றே சூடாக இருந்தாலும் அது ஏறும்.

2. உணரி எதனை உணர்கிறது?

சென்சர் என்று பேச்சில் வழங்கும் உணரி நேரடியாக வெப்பநிலையை அறிவதில்லை. வெப்பநிலைக்கேற்ப மாறும் வேறொன்றை அளந்து, அதிலிருந்து வெப்பநிலையைக் கணிக்கிறது. சிலிக்கான் டையோடு ஒன்றில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதன் முனைகளுக்கிடையிலான மின்னழுத்தம் ஒரு பாகை ஏற்றத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். வெப்பநிலை 50 பாகை ஏறினால் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு அளவே மாற்றம். இச்சிறு மாற்றத்தைத்தான் செயலகத்துக்குள் இருக்கும் உணரிகள் எண்ணாக்குகின்றன. தாய்ப்பலகையில் பொருத்தப்படும் உணரிகள் பல, தெர்மிஸ்டர் என்னும் வகையைச் சேர்ந்தவை. வெப்பநிலை ஏற ஏற அவற்றின் மின்தடை குறையும். அந்தத் தடையை அளந்து வெப்பநிலை கணிக்கப்படுகிறது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று: உணரி தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே சொல்லும். இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் வேறு எண் கிடைக்கும். மற்றொன்று: மின்னழுத்தத்திலிருந்து எண்ணுக்கு வர ஒரு மாற்றுவிதி தேவை. அந்த விதியில் பிழை இருந்தால், உணரி நலமாக இருந்தும் திரையில் தவறான எண்ணே தோன்றும்.

3. எல்லைப் பொருளில் ஓர் எண்

ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்னும் பொருள்களை இலக்கண நூலார் கூறுவர். ‘சிங்கப்பூரின் வடக்கு ஜொகூர் பாரு’ என்பது எல்லைப் பொருள். சிங்கப்பூர் என்னும் எல்லையை அறியாதவருக்கு ‘வடக்கு’ என்னும் சொல்லால் பயனில்லை.

2006ஆம் ஆண்டு முதல் இன்டெல் நிறுவனம் தன் மையச் செயலகங்களில் அமைத்துவரும் எண்முறை உணரியும் இந்த எல்லைப் பொருளில்தான் பேசுகிறது. அது ‘நான் 62 பாகையில் இருக்கிறேன்’ என்று சொல்வதில்லை. ‘எனக்கு விதிக்கப்பட்ட உச்ச எல்லைக்கு 38 பாகை கீழே இருக்கிறேன்’ என்று சொல்கிறது. செயலகத்தின் பதிவகத்தில் இத்தொலைவு ஏழு பிட் அளவில் எழுதப்படுகிறது. ஆகவே அது 0 முதல் 127 வரை மட்டுமே செல்லும். சுழி என்றால் எல்லையைத் தொட்டாயிற்று என்று பொருள். உச்ச எல்லை 100 பாகை என்று தெரிந்தால், 100இலிருந்து 38ஐக் கழித்து 62 என்று மென்பொருள் காட்டும்.

எல்லை எவ்வளவு என்று தெரியாவிட்டால்? தொடக்கக் காலத்தில் நிகழ்ந்தது இதுவே. அன்றைய மேசைக் கணினிச் செயலகங்கள் தம் எல்லையை மென்பொருளுக்கு அறிவிக்கவில்லை. மென்பொருள் எழுதியோர் தத்தம் அனுமானத்தைக் கொண்டனர். 38 என்னும் அதே தொலைவை, எல்லையை 100 என்று கொண்ட மென்பொருள் 62 ஆக்கும். 85 என்று கொண்ட மென்பொருள் 47 ஆக்கும். செயலகம் சொன்னது ஒன்றே. இடைநின்ற இருவர் அதனை இருவேறு எல்லையிலிருந்து பெயர்த்துரைத்தனர். 2008இல் இன்டெல் சில செயலகங்களுக்கான எல்லை மதிப்புகளை வெளியிட்டது. அதன்பின் வந்த தலைமுறைகளில் எல்லை மதிப்பே செயலகத்தின் மற்றொரு பதிவகத்தில் எழுதப்பட்டது. மென்பொருள் அதனைப் படித்துக்கொள்ளலாம். எனவே அண்மைக்காலக் கணினிகளில் இக்குழப்பம் பெரிதும் நீங்கிவிட்டது.

ஆயினும் ஒரு தன்மை எஞ்சி நிற்கிறது. இவ்வுணரிகள் எல்லைக்கு அருகில் செம்மையாகவும், எல்லையிலிருந்து விலக விலகத் துல்லியம் குன்றியும் அளக்கும். செயலகத்தைக் காப்பதே அவற்றின் முதற்பணி. ஆதலின் ஆபத்துக்கு அருகில் கூர்மை வேண்டப்பட்டது. கணினி ஓய்ந்திருக்கும்போது தெரியும் 34, 36 போன்ற எண்களை வைத்து ‘என் கணினி உன் கணினியைவிடக் குளிர்ச்சி’ என்று வாதிடுவது பொருளற்றது.

இங்கே நம் தட்பவெப்பம் ஓர் எளிய சோதனையைத் தருகிறது. காற்றால் குளிர்விக்கப்படும் எப்பொருளும், தன்னைச் சூழ்ந்த காற்றினும் குளிர்ந்து நிற்க இயலாது. குளிரூட்டி இல்லாத நம் அறைகளில் பிற்பகல் வெப்பநிலை 30 பாகையைத் தாண்டுவது வழக்கம். அத்தகைய அறையில் இயங்கும் செயலகம் 22 பாகை என்று மென்பொருள் காட்டினால், அது அளவீட்டுப் பிழை என்று வேறு கருவி இல்லாமலேயே துணியலாம்.

4. செய்தியும் ஏவலும்

‘கதவு திறந்திருக்கிறது’ என்பது செய்தி. ‘கதவைத் திற’ என்பது ஏவல். செய்தியை மெய் அல்லது பொய் எனலாம். ஏவலை அவ்வாறு சொல்ல முடியாது. கணினி காட்டும் எண்களிலும் ஏவல் உண்டு.

ஏஎம்டி நிறுவனத்தின் செயலகங்கள் பலவற்றில் ‘டி கண்ட்ரோல்’ என்று வழங்கும் ஓர் அளவு உள்ளது. குளிர்விக்கும் விசிறி எவ்வளவு விரைவாகச் சுழல வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தவே அது வகுக்கப்பட்டது. 2017இல் வெளிவந்த ரைசன் 7 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய செயலகங்களில் இவ்வளவு, சில்லின் உண்மையான வெப்பநிலையைவிட 20 பாகை கூடுதலாகக் காட்டுமாறு அமைக்கப்பட்டிருந்தது. வெவ்வேறு செயலகங்களுக்கும் ஒரே விசிறி ஒழுங்கு பொருந்த வேண்டும் என்பதே அதற்கு அந்நிறுவனம் தந்த விளக்கம். அந்த 20ஐக் கழிக்க அறிந்த மென்பொருள் 58 என்று காட்டியது. அறியாத மென்பொருள் 78 என்று காட்டியது. இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட புதிருக்கு விடை இதுவாக இருக்கலாம். 58 என்பது சில்லைப் பற்றிய செய்தி. 78 என்பது விசிறிக்கு இடப்பட்ட ஏவல்.

லினக்ஸ் இயங்குதளத்தில் இச்செயலகங்களுக்கான உணரி நிரலின் விளக்கவுரையும், இவ்வளவு பருப்பொருளின் வெப்பநிலையைக் குறிப்பதன்று என்று வெளிப்படையாகவே கூறுகிறது. பாகைக் குறியோடு ஓர் எண் தோன்றுவதாலேயே அது வெப்பநிலை ஆகிவிடாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

5. இடுகுறி, காரணம், ஆகுபெயர்

கண்காணிப்பு மென்பொருள் ஒன்றைத் திறந்தால் பத்து, இருபது பெயர்கள் வரிசையாக நிற்கும். அப்பெயர்களை எவ்வளவு நம்பலாம்?

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுக்கும். ‘நாற்காலி’ காரணப்பெயர், சொல்லைப் பிரித்தால் பொருளின் தன்மை தெரியும். ‘மரம்’ இடுகுறி, சொல்லைப் பிரித்து ஒன்றும் அறிய முடியாது. உணரிப் பெயர்களில் இடர் என்னவெனில், காரணப்பெயர் போலத் தோன்றும் பல பெயர்கள் உண்மையில் இடுகுறிகளாக இருப்பதுதான்.

தாய்ப்பலகைகளில் நுவோட்டன், ஐடிஇ போன்ற நிறுவனங்களின் கண்காணிப்புச் சில்லு ஒன்று இருக்கும். அதன் உள்ளீட்டு முனைகளுக்குச் சில்லைச் செய்தவர் ‘சிஸ்டின்’, ‘சிபியுடின்’, ‘ஆக்ஸ்டின்’ என்பன போன்ற பெயர்களை இட்டிருப்பார். முதலாவது கணினிப் பெட்டியையும், இரண்டாவது மையச் செயலகத்தையும், மூன்றாவது துணை உள்ளீட்டையும் குறிக்கும் நோக்கில் பிறந்த பெயர்கள். ஆனால் எந்த முனையில் எந்த உணரியை இணைப்பது என்று முடிவு செய்பவர் தாய்ப்பலகை செய்பவர். அவர் இரண்டாம் முனையை வேறோர் இடத்துக்கு இணைக்கலாம். மூன்றாம் முனையை எதனோடும் இணைக்காமலும் விடலாம். மென்பொருளோ சில்லைச் செய்தவர் இட்ட பெயரையே காட்டும்.

இணைக்கப்படாத முனையும் ஓர் எண்ணைச் சொல்லத்தான் செய்யும். எட்டு பிட் அளவில் குறியோடு எழுதக்கூடிய எண்கள் மறை 128 முதல் நேர் 127 வரை. ஆகவே ஒரு வரியில் எப்போதும் 127 என்றோ, பெருமளவு மறை எண் என்றோ தெரிந்தால், அங்கே நெருப்பும் இல்லை, பனியும் இல்லை; கேட்க ஆளில்லாத முனை ஒன்று இருக்கிறது என்று கொள்ள வேண்டும். அதுபோலவே, தாய்ப்பலகையின் அடிப்படை நிரல் வழங்கும் ‘வெப்ப மண்டலம்’ என்னும் அளவு சில கணினிகளில் இரவும் பகலும் 27.8 என்றே நிற்கும். மாறாத எண் அளவீடன்று. யாரோ எழுதி வைத்த மாறிலி.

மூன்றாவது வகை ஆகுபெயர். ‘ஊர் சிரித்தது’ என்றால் சிரித்தவர் ஊரில் வாழ்வோர். இடத்தின் பெயர் இடத்திலுள்ளோர்க்கு ஆகிவந்தது. பழைய தாய்ப்பலகைகளில் செயலகம் அமரும் குழிக்குள், செயலகத்தின் அடியில் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். அது அளப்பது குழியின் வெப்பநிலையை; திரையில் நிற்பதோ ‘செயலகத்தின் வெப்பநிலை’ என்னும் பெயர். குழிக்கு உரிய எண் செயலகத்துக்கு ஆகிவந்துவிட்டது. சில்லுக்குள் உள்ள உணரி 80 சொல்லும்போது இது 60 சொன்னால், இரண்டும் தத்தம் இடத்தில் மெய்யே.

வரைகலை அட்டையிலும் இது உண்டு. 2019இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் 7 அட்டையில் சில்லின் விளிம்பு வெப்பநிலையும், சில்லெங்கும் பரவிய பல உணரிகளுள் மிகுந்த அளவைக் காட்டும் ‘சந்தி’ வெப்பநிலையும் தனித்தனியே அறிவிக்கப்பட்டன. சந்திக்கு வகுத்த உச்ச எல்லை 110 பாகை. விளிம்பு அளவையே பார்த்துப் பழகியவர்க்கு இது அச்சம் தந்தது. அட்டை திடீரென்று கொதிக்கத் தொடங்கவில்லை. இதுவரை சொல்லப்படாத ஓரிடத்தின் அளவு இப்போது சொல்லப்பட்டது.

6. ஒரே வெப்பநிலை, நான்கு எண்கள்

கணினிக்குள் ஒவ்வோர் உறுப்பும் தன் அலகில் பேசும். லினக்ஸ் இயங்குதளத்தின் உணரிக் கோப்புகளில் வெப்பநிலை ஆயிரத்தில் ஒரு பாகை அலகில் எழுதப்படும். 45 பாகை அங்கே 45000. அடிப்படை நிரலின் வெப்ப மண்டலம் கெல்வினில் பத்தில் ஒரு பங்கை அலகாகக் கொள்ளும். அங்கே அது 3182. என்விஎம்இ வகைத் திடநிலைத் தட்டு முழுக் கெல்வினில் சொல்லும். அங்கே அது 318. சில வன்தட்டுகளின் தன்னிலை அறிக்கையில் 190ஆம் இலக்கக் கூறு, நூறிலிருந்து வெப்பநிலையைக் கழித்துச் சொல்லும். அங்கே அது 55. அதே அறிக்கையின் 194ஆம் இலக்கக் கூறு வெப்பநிலையை நேராகத் தரும். இவற்றுள் 190ஆம் கூறு கவனத்துக்குரியது. அதில் எண் குறையக் குறையத் தட்டு சூடாகிறது. 55 என்பது 40 ஆனால் தட்டு குளிர்ந்துவிட்டதாக மகிழலாகாது. அது 60 பாகையை எட்டிவிட்டது.

கண்காணிப்பு மென்பொருளின் வேலை இவற்றையெல்லாம் ஒரே அலகுக்குப் பெயர்ப்பது. லினக்ஸில் 1998 முதல் வளர்ந்துவரும் ‘எல்எம் சென்சர்ஸ்’, விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் எச்டபிள்யூஇன்ஃபோ, எச்டபிள்யூமானிட்டர், கோர் டெம்ப் ஆகியவை இத்தகைய பெயர்ப்பாளர்களே. விண்டோஸின் பணி மேலாளர் 2020இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து தனி வரைகலை அட்டையின் வெப்பநிலையைக் காட்டத் தொடங்கியது. மையச் செயலகத்துக்கு இன்னும் தனி மென்பொருளையே நாட வேண்டியுள்ளது.

இரண்டு மென்பொருள்களை ஒருசேர இயக்குவதில் ஓர் இடர் உண்டு. தாய்ப்பலகைச் சில்லிடம் ஒரு மென்பொருள் முதலில் ‘இன்ன உணரி’ என்று குறிப்பிட்டு, பிறகு விடையைப் படிக்கும். இவ்விரண்டு செயல்களுக்கும் இடையில் மற்றொரு மென்பொருள் நுழைந்து வேறோர் உணரியைக் குறிப்பிட்டால், முதல்வர் கேட்ட கேள்விக்கு இரண்டாமவருக்குரிய விடை கிடைக்கும். கணப்பொழுதில் தோன்றி மறையும் விந்தையான எண்கள் சில இவ்வாறு பிறப்பவை. ஒப்பிட வேண்டுமானால் ஒன்றை மூடிவிட்டு மற்றொன்றைத் திறப்பதே முறை.

7. எப்போது கவலைப்பட வேண்டும்?

‘62 பாகை நல்லதா?’ என்னும் கேள்விக்கு எழுவாய் இல்லாமல் விடை இல்லை. வேலை செய்துகொண்டிருக்கும் மையச் செயலகம் 62இல் இருப்பது இயல்பு. சுழலும் வன்தட்டு 62இல் இருந்தால் அது கவலைக்குரியது. பல வன்தட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் இயக்க மேல்வரம்பே 60 பாகை அளவில்தான் உள்ளது. ஒரே எண், இருவேறு எழுவாய், இருவேறு முடிவு.

செயலகத்தைப் பொறுத்தவரை, இன்டெல் செயலகங்கள் பலவற்றின் உச்ச எல்லை 100 பாகை. 2022இல் வந்த ரைசன் 7000 வரிசை, கடும்வேலையின்போது 95 பாகையைத் தொட்டு நிற்குமாறே வடிவமைக்கப்பட்டது. எல்லையைத் தொட்டால் செயலகம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதையும் மீறி ஏறினால் மின்சாரத்தைத் துண்டித்துக்கொள்ளும். ஆகவே உயர்ந்த எண் ஒருமுறை தெரிந்தது என்பதால் மட்டும் செயலகம் அழிந்துவிடாது. வழக்கமான எளிய வேலைக்கே அது எல்லையைத் தொடுகிறதா, வேகம் குறைகிறதா, கணினி தானாக அணைகிறதா என்பவையே கவனிக்கத்தக்கவை.

வீட்டில் எவரும் செய்யக்கூடிய ஒரு முறையைக் கூறுகிறேன். முதலில் அறையின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்க. கணினியைப் பத்து நிமிடம் ஓய்வாக விட்டு ஓர் அளவு எடுக்க. பிறகு ஒரு குறிப்பிட்ட வேலையை, எடுத்துக்காட்டாக ஒரே காணொளியை மாற்றியமைக்கும் பணியை, கால் மணி நேரம் கொடுத்து மற்றோர் அளவு எடுக்க. இரண்டிலிருந்தும் அறை வெப்பநிலையைக் கழித்து, நாளோடு எழுதி வைக்க. குளிரூட்டிய 24 பாகை அறையில் 69 காட்டிய செயலகமும், சாளரம் திறந்த 31 பாகை அறையில் 76 காட்டிய செயலகமும் ஒன்றே. இரண்டிலும் ஏற்றம் 45. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட அறிவுரைகளில் காணும் எண்களோடு நம் எண்களை நேராக ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம்.

ஆறு மாதத்துக்குப் பின் அதே வேலையில் ஏற்றம் 45இலிருந்து 57 ஆகியிருந்தால், பெரும்பாலும் துடுப்புகளில் தூசு படிந்திருக்கும்; அல்லது விசிறி தளர்ந்திருக்கும். தூய்மை செய்தபின் மீண்டும் அளந்தால் விடை தெரிந்துவிடும். கடைக்காரரிடம் ‘கணினி சூடாகிறது’ என்று சொல்வதற்கும், ‘அறையினும் 45 பாகை மிகுந்திருந்தது இப்போது 57 மிகுகிறது’ என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைச் சொல்பவரிடம் தேவையற்ற உறுப்பை விற்பது கடினம்.

உடனடி அளவுகளில் மனத்தைச் செலுத்த வேண்டாம். செயலகத்தின் வெப்பநிலை ஒரு விநாடிக்குள் பத்துப் பாகைக்கு மேல் ஏறி இறங்கக்கூடியது. கண்காணிப்பு மென்பொருளைத் திறப்பதே ஒரு வேலையாதலின், திறந்த நொடியில் எண் சற்று உயரும். சராசரியையும் உச்சத்தையும் காட்டும் பத்திகளே நம்பத்தக்கவை. உச்சப் பத்தியில் எஞ்சி நிற்கும் ஓர் எண் சில நொடிகளுக்கு மட்டுமே இருந்திருக்கலாம் என்பதையும் மறவாதீர்.

8. தமிழில் சொல்லும்போது

இறுதியாக, மென்பொருள்களைத் தமிழாக்கும் தன்னார்வலர்க்கும், இச்செய்திகளைத் தமிழில் எழுதுவோர்க்கும் சில சொற்கள்.

‘வெப்பம்: 62’ என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். எண்ணால் சொல்லப்படுவது வெப்பநிலை. அடுத்து, மென்பொருள்கள் சில ஓர் அளவின் அருகே அடைப்புக்குள் ‘ஹை 80, கிரிட் 100’ என்று எல்லைகளைக் குறிக்கின்றன. இவற்றை ‘உயர்வு’, ‘ஆபத்து’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 52 என்னும் இயல்பான அளவின் அருகே ‘ஆபத்து’ என்னும் சொல் நிற்கும். படிப்பவர் அதனை எல்லையின் பெயராகக் கொள்ளாமல், இன்றைய நிலையின் விளக்கமாகவே கொள்வார். ‘எச்சரிக்கை எல்லை’, ‘நிறுத்த எல்லை’ என்று ‘எல்லை’ என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டால் மயக்கம் நீங்கும். அவ்வாறே ‘செயலி’ என்னும் சொல் இன்று நம் நாட்டில் கைப்பேசிச் செயலியையே குறிப்பதால், சில்லைக் குறிக்க ‘மையச் செயலகம்’ என்பதையே இக்கட்டுரையில் கையாண்டேன்.

செய்தி எழுதும்போதும் எழுவாயை விடலாகாது. 2023இல் சிங்கப்பூரின் தகவல், தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத் தரவு நிலையங்களுக்கான தரநிலை ஒன்றை வெளியிட்டது. நிலையங்கள் தம் இயக்க வெப்பநிலையைப் படிப்படியாக 26 பாகைக்கும் அதற்கு மேலும் உயர்த்த அது வழிகாட்டுகிறது. ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் குளிர்விக்கும் ஆற்றலில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சமாகும் என்பது அதன் அடிப்படை. இங்கே 26 என்பது கூடத்துக் காற்றின் வெப்பநிலை. ‘கணினிகள் 26 பாகையில் இயங்கும்’ என்று ஒருவர் எழுதினால், காற்றுக்குரிய எண்ணைச் சில்லுக்கு ஏற்றிவிட்டார் என்று பொருள். அக்கூடத்தில் உள்ள செயலகங்கள் அதனினும் பல பாகை உயர்ந்தே இயங்கும், இயங்கலாம்.

திரையில் ஓர் எண்ணைக் கண்டால் நான்கு வினாக்களை வரிசையாக எழுப்புக. எதனுடைய அளவு? எந்த இடத்தில் எடுத்தது? எந்த எல்லையிலிருந்து, எந்த அலகில் எண்ணியது? அறையின் வெப்பநிலையும் கணினியின் வேலையும் அப்போது எவ்வாறு இருந்தன? நான்குக்கும் விடை கிடைத்தால் அந்த எண்ணை நம்பிச் செயற்படலாம். ஒன்றுக்கேனும் விடை இல்லையெனில், பணப்பையைத் திறக்குமுன் மறுபடி அளந்து பாருங்கள். வன்தட்டில் உள்ளவற்றுக்கு மட்டும் எந்த எண்ணுக்காகவும் காத்திராமல் இன்றே ஒரு மறுபடி எடுத்து வையுங்கள்.